வடக்குத் தூணடியில் ஒரு விருந்தாளி

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளோடு பேசச் சொல்லி எப்போதாவது என்னைக் கூப்பிடுகிறார்கள். எந்த மருந்து, எவ்வளவு தண்ணீர், எங்கே துளை போடுவது என்பதையெல்லாம் சொல்லித்தர என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உங்கள் ஆபீசிலேயே இருக்கிறார்கள். என்னிடம் இருப்பவை நான் வேலை பார்த்த சில நாட்கள். அவற்றில் ஒரு வெள்ளிக்கிழமையை இன்றைக்குச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. பம்பாயில், செம்பூரில் ஒரு கறையான் ஒழிப்புக் கம்பெனி. அதன் பெயர் இங்கே தேவையில்லை. மாட்டுங்காவில் வீடு, விலங்கியலில் எம்.எஸ்ஸி., அந்தக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை என்று இருந்தேன். சோதனைக்கூடம் என்றால் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப். மருந்து அடிக்கப் போகிறவர்கள் சுவரிலோ கதவு நிலையிலோ அகப்பட்ட கறையானைப் பாட்டிலில் போட்டுக் கொண்டுவருவார்கள். அது மரத்துக்குள்ளேயே வாழும் சாதியா, மண்ணிலிருந்து ஏறி வருகிற சாதியா என்று நான் சொல்லவேண்டும். பெரும்பாலும் மண்ணிலிருந்து வருவதுதான். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அன்றைக்குப் பாட்டிலோடு வந்தவர் தங்கராஜ். எங்கள் மருந்தடிக்கும் குழுக்களில் ஒன்றுக்கு மேஸ்திரி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியிருந்தவர். அவருடைய ஊர்க்காரர்கள் சேர்ந்து தாராவியில் கட்டியிருந்த சங்கக் கட்டடத்தில்தான் முந்தின நாள் மருந்து அடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கல்யாணம். மணப்பெண் அவருடைய கொழுந்தியாள்.

"செல்லுதாம்மா, எப்பவும் வாரதுதாம். ஆனா இதுல ஒண்ணு கோட்டி புடிச்சாப்புல நடக்கு. முதுகுல எதையோ தூக்கிக்கிட்டு அலையுது. சீக்கு வந்த செல்லோ என்னமோ" என்று பாட்டிலை நீட்டினார். அவர்கள் பக்கம் கறையானுக்குச் செல்லு என்று பெயர்.

லென்சை வைத்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

அது கறையானே இல்லை. வண்டு. என் படிப்புக்கான ஆராய்ச்சி முழுக்க அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான். தேவ்நார் பக்கத்துச் சரிவுகளில் அப்போது கறையான் புற்றுகள் நிறைய உண்டு. புற்றை வெட்டினால் உள்ளே அறை அறையாக, கடற்பஞ்சு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று இருக்கும். தின்று கழித்த மரத்தூளின்மேல் கறையான்கள் வளர்க்கிற பூஞ்சைத் தோட்டம் அது. அந்தத் தோட்டங்களுக்கு நடுவில் இந்த வண்டுகள் குடியிருக்கும். சில வகைகளுக்கு நீண்ட கால்கள், முதுகில் பொன் நிறத்தில் முடிக்கற்றை. கறையான்கள் அந்தக் கற்றையை ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கும். வேறு சில, நொய்யரிசி அளவுகூட வராத பொடி வண்டுகள். அவற்றின் வயிறு வெள்ளையாக ஊதி, அப்படியே பின்னோக்கி மடிந்து முதுகின்மேல் கிடக்கும். தன் வயிற்றைத் தானே மூட்டைபோலச் சுமந்துகொண்டு நடக்கும். மேலேயிருந்து பார்த்தால் வண்டு தெரியாது, ஒரு கறையான் போவதுபோலத்தான் தெரியும். கறையான்கள் அதைச் சுத்தம் செய்யும், வாயோடு வாய் வைத்து ஊட்டும். பதிலுக்கு அது என்ன தருகிறது என்பது அப்போது எங்களுக்கு முழுதாகத் தெரியாது. உடம்பில் ஏதோ சுரக்கிறது, அந்த ருசிக்காகத்தான் இத்தனை உபசாரம் என்று சொல்வார்கள்.

பாட்டிலுக்குள்ளும் ஒரு வேலைக்காரக் கறையான் அதன் பக்கத்தில் நின்று நக்கிக்கொண்டிருந்தது. வீடு வாசல் எல்லாம் போய், கண்ணாடிக்குள் அடைபட்டும் விருந்தாளியைக் கவனிப்பதை அது விடவில்லை. கல்லூரியை விட்டபிறகு நான் இந்த வண்டைப் பார்த்ததேயில்லை. பழைய சிநேகிதி வாசலில் வந்து நின்றமாதிரி இருந்தது. டைப்பிஸ்ட், டிரைவர், டீ கொண்டுவந்தவர் என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். தங்கராஜும் பார்த்துவிட்டு, "ஏ யம்மா, நல்ல வேசம்தாம் போட்டிருக்கு!" என்றார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. இது எப்படித் தாராவியில், ஒரு கட்டடத்துக்குள்?

கறையான் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அது வேலைக்குப் போகிற ஜீவன். செம்பூர்க்காரர் ரயிலேறிக் கோட்டைப் பகுதிக்கு ஆபீஸ் போவதுபோல, கூட்டிலிருந்து வெகுதூரம் மண்ணுக்கடியில் போய் இரை தேடும். ஒரு தூணில் கறையான் இருந்தால் கூடு எங்கேயோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆனால் இந்த வண்டு வயிற்றைச் சுமந்துகொண்டு ஊர் சுற்றாது. தோட்டமும் ஊட்டிவிடக் கறையான் கூட்டமும் இருக்கிற இடத்தைவிட்டு நகராது. அப்படியானால் கூடு எங்கேயோ இல்லை, இது கிடைத்த இடத்துக்கு அடியிலேயே இருக்கிறது. கூடு இருக்கிற இடத்தில் கெட்டி மண் இருக்காது.

டப்பாவை மூடிவிட்டுத் தங்கராஜைத் தேடிக்கொண்டு போனேன்.

"இது எங்கே கிடைச்சது? சரியாச் சொல்லுங்க."

"வடக்குத் தூணடியிலம்மா. தரை சிமெண்டுல ஒரு வெடிப்பு. மண்ணைத் தள்ளி வச்சிருந்துது. உளிய விட்டுக் கிண்டுனேன், ஒரு பெத்தை மண்ணு பேந்து வந்துது. அதுல இருந்துதாம் இம்புட்டும்."

"அந்தத் தூண் எதைத் தாங்குது?"

"மாளாவை" என்றார். பம்பாயில் மேல்தளத்துப் பரணுக்கு அதுதான் பெயர். "கீழ ஹாலு. நாலு தேக்குத் தூணு. மேல பலகை போட்டு மாளா. கல்யாணமாகாத பயலுவ அங்கதாம் படுக்காணுவ. ஞாயித்துக்கெழம பொம்பளையளும் பிள்ளையளும் மேல உக்காரட்டும்னு ஏற்பாடு. கீழ மணவறை, சந்தெல்லாம் சேறும் சகதியும், வேற எங்க உக்காருவாவ?"

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "என்னம்மா?"

மேனேஜரிடம் போனேன். அவரும் மாட்டுங்காக்காரர்தான், பாலக்காட்டுப் பூர்வீகம். நிதானமான மனிதர். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பாட்டிலை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒரு வண்டாக்கும்" என்றார்.

"ஒண்ணுதான் சார்."

"மழை வெள்ளத்துல எங்கேர்ந்தாவது அடிச்சுண்டு வந்திருக்கலாமோ?"

"வந்திருக்கலாம் சார். ஆனா அப்படி வந்திருந்தா இத்தனை நேரம் உயிரோட இருக்காது. கறையான் இன்னும் அதுக்கு ஊட்டிண்டிருக்கு."

"மருந்து அடிச்சாச்சு, இனி பயமில்லைன்னு நேத்திக்குத்தான் அவாகிட்ட சொல்லியிருக்கோம். நாளன்னிக்கு அவாத்துல கல்யாணம். இன்னிக்குப் போய்த் தரையை உடைன்னு சொல்றதுக்கு நமக்கு என்ன அதிகாரம்? நாம இன்ஜினீயராக்கும்னு நினைச்சுண்டாச்சா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஒரு வண்டு, ஒரு வெடிப்பு, மீதியெல்லாம் என் ஊகம். நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார்.

"வேனை எடுத்துண்டு போ. தங்கராஜையும் கூட்டிண்டு போ. உனக்குத் தோணினதைச் சொல்லு. கம்பெனி சொல்லித்துன்னு மட்டும் சொல்லாதே" என்றார்.

அப்போது எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. பிற்பாடு அவருடைய நாற்காலியில் நானே உட்கார்ந்தபோது அந்தச் சொல்லின் எடை புரிந்தது. என்னை அவர் தடுக்கவில்லை. கம்பெனி வேனையும் கொடுத்தார். நாளைக்கு உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவர் எப்போதாவது இப்படி வந்து நின்றால், வேனையாவது கொடுங்கள்.

சுனாபட்டி வழியாகச் சயான் போய், அங்கிருந்து தாராவிக்குள் நுழைந்தோம். ஆவணி மாதம், ஆனாலும் மழை விட்டபாடில்லை. வேன் போகிறவரை போய் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சங்கக் கட்டடம் கல்யாணக் களையில் இருந்தது. ஒரு மூலையில் காய்கறி மலைபோலக் குவிந்திருந்தது. மணவறைக்குக் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே மாளாவில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம் தடதடவென்று கேட்டது. ஒவ்வொரு தடதடப்புக்கும் நான் தூணைப் பார்த்தேன். வடக்குத் தூணடியில் ஒரு கல்லால் தரையைத் தட்டிப் பார்த்தேன். மழையும் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளும் சேர்ந்த இரைச்சலில் வெற்றிடமா கெட்டியா என்று ஒன்றும் பிடிபடவில்லை.

பெண்ணின் அப்பா சுடலைமுத்து, தோல் பதனிடும் கிட்டங்கி ஒன்றில் முகாதம், அதாவது ஆட்களை நடத்துகிற தலைவர். சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கட்டையான, குரல் பெரிதான ஆள். தங்கராஜ் என்னை அறிமுகப்படுத்தியதும் முதலில் இலைபோடச் சொன்னார். சாப்பாடு வேண்டாம், மேலே இருக்கிறவர்களை இறக்குங்கள், கல்யாணத்தன்றும் யாரையும் ஏற்றாதீர்கள் என்றேன்.

"என்னத்துக்கு?"

"தூணடியில சந்தேகமா இருக்கு."

அவர் போய்த் தூணை ஓங்கி ஓர் அறை அறைந்தார். "பர்மா தேக்கும்மா இது. கப்பல் ஒடைக்கிற எடத்துல பாத்துப் பாத்து எடுத்தது. செல்லு ஒரு நகக்கண்ணுகூட உள்ள போகல. பாத்தீயளா?"

"தூண் நல்லாத்தான் இருக்கு. அது நிக்கிற இடம்தான் சந்தேகம். அடியில மண் இல்லைன்னு நினைக்கிறேன்."

"அத யாரு சொன்னா?"

பாட்டிலை எடுத்துக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது? லென்சை அவர் கையில் கொடுத்து, இன்ன வண்டு, இன்ன இடத்தில்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

"ஏலே, இந்தப் பூச்சி சொல்லுதாம்லா, நம்ம கட்டடம் விழுந்திரும்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, கல்யாண வீட்டுச் சிரிப்பு. ஆனாலும் எனக்கு முகம் சுட்டது. 'ஒரு இன்ஜினீயரை வரவழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். அது பொய்யும் இல்லை, புத்திசாலித்தனமாகவும் இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் தாராவிச் சந்துக்கு எந்த இன்ஜினீயர் வருவார்? அந்த வார்த்தையைச் சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

"ஒரே ஒரு குழி. முழங்கை ஆழம். தூணுக்குப் பக்கத்துல. கெட்டி மண் இருந்தா நானே சிமெண்ட் பூசிட்டுப் போறேன்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாண வீட்டுக்குள் குழி என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக்கூடாது. ஒருவர், "நல்ல காரியம் நடக்கப்போற எடத்துல என்ன பேச்சும்மா பேசுதீய?" என்று சீறினார். சுடலைமுத்துவின் முகம் இறுகியது. "தங்கராசு, ஒங்க ஆபீஸ் அம்மாவக் கூட்டிட்டுப் போயிரு. நாங்க மரியாதயா இருக்கும்போதே போயிரு" என்றார். தங்கராஜ் நகரவில்லை. மாமனார் முன்னால் வாய் திறக்கவும் முடியாமல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா பேச்சியம்மாள் வந்தாள். அரைத்துக்கொண்டிருந்தவள் போலிருக்கிறது, கையெல்லாம் மாவு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்தாள்.

"யம்மா, நீங்க சொல்லுதது தப்பாப் போச்சுன்னா எங்களுக்கு என்ன நட்டம்?"

"ஒரு குழி. கொஞ்சம் சிமெண்ட்."

"நெசமாப் போச்சுன்னா?"

நான் மேலே பார்த்தேன். அவளும் பார்த்தாள். பலகை இடுக்கு வழியாக ஒரு குழந்தை குனிந்து எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் புருஷனிடம் திரும்பினாள். "ஏங்க, பந்தக்கால் எப்ப நடுதோம்?"

"நாளைக்கு. அதுக்கென்ன இப்ப?"

"பந்தக்காலுக்குக் குழி தோண்டணுமா வேண்டாமா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"இங்க வந்த நாள்லருந்து மண்ணெண்ண டின்னுல மண்ண ரொப்பி அதுலதான நடுதோம், குழி தோண்ட எடமில்லன்னு? எம்மவளுக்குத் தரையில நடுவோம். இன்னைக்கு வெள்ளிக்கெழம. ராகுகாலமும் கழிஞ்சிட்டு. அந்தத் தூணுக்குப் பக்கத்துலயே தோண்டுங்க. மஞ்சளும் குங்குமமும் நா எடுத்துட்டு வாரேன்."

குழி அப்படியே மங்கல காரியமாகிவிட்டது. சுடலைமுத்து மனைவியைப் பார்த்துவிட்டு, "சரி, எலே, கடப்பாரைய எடுத்துட்டு வாங்க" என்றார்.

பேச்சியம்மாள் அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து மஞ்சள் வைத்தாள். தங்கராஜ்தான் கடப்பாரையை வாங்கினார். சிமெண்ட் பூச்சு விண்டது. அதற்குக் கீழே செங்கல் ஜல்லி. அதையும் பெயர்த்துவிட்டு, மண்ணில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

கடப்பாரை அவர் கையை விட்டுப் போய்விட்டது.

தரைக்குள் முழுதாக விழுந்து, எங்கேயோ ஆழத்தில் மெத்தென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு அந்தத் துவாரத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. ஈரக் காளானின் வாசனை. தேவ்நார்ச் சரிவில் புற்றை வெட்டும்போது வந்த அதே வாசனை. டார்ச்சை வாங்கிக் குப்புறப் படுத்துப் பார்த்தேன். அறை அறையாகச் சாம்பல் நிறப் பூஞ்சைத் தோட்டங்கள். அவற்றுக்கிடையே மழைத்தண்ணீர் அரித்த பெரிய பொந்து. தூணின் அடிக்கல் பாதிதான் மண்ணில் இருந்தது. மற்றப் பாதி அந்தரத்தில்.

நான் எழுந்து, பார்த்ததைச் சொன்னேன். தங்கராஜ்தான் முதலில் பேசினார், மேலே பார்த்து, வெகு சாதாரணமான குரலில். "மக்கா, எல்லாரும் எறங்கி வாங்க. ஒவ்வொருத்தராத்தாம். ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. கீழ மிட்டாய் குடுக்காவ."

குழந்தைகள் இறங்கின. பின்னால் பெண்கள். ஏணியடியில் பேச்சியம்மாள் நின்று ஒவ்வொரு குழந்தையையும் வாங்கிச் சந்துக்கு அனுப்பினாள். எல்லோரும் வந்தாயிற்று என்று நினைத்தபோது மேலேயிருந்து குறட்டை கேட்டது. ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு ஒருவன் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கீழேயிருந்து கத்திப் பார்த்தார்கள். "கல்யாணம் நாளக்கழிச்சுலா? என்னைய விடுங்கலே" என்று புரண்டு படுத்தான். சுடலைமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாமே ஏறினார். கனத்த உடம்பு. ஒவ்வொரு படிக்கும் பலகை முனகியது. பேச்சியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மேலே போய் அவனை என்ன சொல்லி எழுப்பினாரோ, போர்வையோடு முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். தரையில் கால் வைத்ததும் என்னைப் பார்த்தார்.

ஊர்க்காரர்களில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். பாரத்துக்கு முட்டுக் கொடுப்பது அவர்களுக்குத் தினப்படி வேலை. எங்கிருந்தோ கனத்த கட்டைகள் வந்தன. எங்கள் வேனின் ஜாக்கியும் வந்தது. வடக்குப் பக்கத்து உத்தரத்துக்கடியில் கட்டைகளை அடுக்கி, ஜாக்கியை வைத்து, மெல்ல மெல்லத் தூக்கினார்கள். பாரம் தூணிலிருந்து விலகியதும் அடிக்கல் ஆடியது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்து, சறுக்கி, பொந்துக்குள் போய் விழுந்தது. தரை அதிர்ந்தது. பர்மா தேக்குத் தூண் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியது, கீழே கால் வைக்க இடமில்லாமல்.

சுடலைமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பந்தக்கால் கடைசியில் மண்ணெண்ணெய் டின்னில்தான் நடப்பட்டது. அதற்கும் பேச்சியம்மாளே மஞ்சள் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் சந்தில் நடந்தது. இந்தப் பக்கத்துக் கூரைக்கும் அந்தப் பக்கத்துக் கூரைக்குமாகத் தாட்பத்ரி, அதாவது தார்ப்பாய், கட்டி, சேற்றில் செங்கல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். மழையில் தாட்பத்ரி தொந்திபோலத் தொங்கும். இரண்டு பேர் மூங்கிலால் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். தாலி கட்டும் நேரம் பார்த்து அது ஒரு பக்கம் பொத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார்மேல் தண்ணீர் கொட்டியது. அட்சதையோடு தண்ணீரும் விழுந்ததென்று அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு சந்தோஷமான கல்யாணத்தை நான் மாட்டுங்காவில் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை.

என்னை முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். சுடலைமுத்து தாமே வந்து பாயசம் ஊற்றினார். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"யம்மா, ஒண்ணு கேக்கணும். அந்தப் பூச்சிக்கு அங்க என்னதாம் வேலை? செல்லு மாதிரி அதுவும் மண்ணு சுமக்குமா?"

"சுமக்காது."

"மரம் திங்குமா?"

"திங்காது."

"பொறவு?"

"அது ஒரு வேலையும் செய்யாது. கறையான்தான் ஊட்டிவிடும், உடம்பு துடைச்சுவிடும். அது பாட்டுக்கு வயித்தை வளர்த்துண்டு அங்கேயே இருக்கும்."

சுடலைமுத்து கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எதிர் வரிசையில் பேச்சியம்மாள் இலையில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். அவள் நிமிராமலே சொன்னாள்: "அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. புது மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார், பிறகு யோசித்து நிறுத்திக்கொண்டார். மாமனார் தயவில் சங்கத்து அறையில்தான் அவருக்குக் குடித்தனம் ஏற்பாடாகியிருந்தது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. தங்கராஜ், "சகல, இதெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீய" என்று அவர் முதுகைத் தட்டினார். அதற்கு மறுபடியும் ஒரு சிரிப்பு.

கல்யாணக் கூட்டம் கலைந்தபிறகு நானும் தங்கராஜும் குழுவும் போய் அந்தக் கூட்டை முழுதாகத் தோண்டி எடுத்தோம். விரல் நீள ராணி கிடைத்தது. வண்டுகளும் கிடைத்தன, அவற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கறையான்களோடு. பொந்தைக் கருங்கல்லும் சிமெண்டும் போட்டு நிரப்பிப் புதுக் கல்லின்மேல் தூணை நிறுத்தினார்கள். அதன்பிறகு எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் வந்தது. பாட்டிலில் கறையானை மட்டும் பொறுக்கிப் போடாமல், அதோடு கிடைக்கிற எல்லாவற்றையும் மண்ணோடு அள்ளிக்கொண்டு வருவது. தங்கராஜ் தன் குழுவுக்குச் சொன்னார், அது மற்றக் குழுக்களுக்கும் பிறகு மற்றக் கம்பெனிகளுக்கும் பரவியது. நீங்களும் இன்றைக்கு அப்படித்தான் செய்கிறீர்கள். ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

எப்படி அவ்வளவு உறுதியாக இருந்தீர்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. நான் உறுதியாக இல்லை. கடப்பாரை கையை விட்டுப் போகிற அந்த நிமிஷம் வரை எனக்குச் சந்தேகம்தான். அதை நான் முதலில் ஒப்புக்கொண்டது மேனேஜரிடம். கூட்டைத் தோண்டி எடுத்த வாரத்தில் ஒருநாள், பூஞ்சைத் தோட்டத்துத் துண்டு ஒன்றை அதன் கறையான்களோடும் வண்டுகளோடும் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து அவர் அறைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "ஒண்ணு சொல்லு, ஜெயா. அந்தக் குழியில கெட்டி மண்ணா இருந்திருந்தா?" என்றார்.

"தாராவி முழுக்க என்னைப் பார்த்துச் சிரிச்சிருப்பா சார்."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ஞாயித்துக்கிழமை சிரிச்சுண்டே மேல ஏறி உக்காந்துண்டிருப்பா. நானும் அவாளோட ஏறி உக்காந்துண்டிருப்பேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்துக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வந்து, "எங்கே, அந்த மாப்பிள்ளையைக் காட்டு" என்றார்.